வாயில் தங்கம்

கலா,

தாம்பரத்துக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவில் என்ன கடிதம் என்று நீ கேட்பாய். கடையில் போன் இருக்கிறது, ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் நீ சொன்னதற்கு நான் போனில் பதில் சொல்லவில்லை. நேரில் வந்தாலும் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி, கலந்த சாதம் போட்டு, சாயங்காலம் உன்னைப் பிரசவத்துக்கு நான் என் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். நீ வரமாட்டேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என் பதில் உன் கையில் இருக்கவேண்டும் என்றுதான் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் ஆள் வந்தால் எழுந்து போய்விட்டு வந்து எழுதுவேன். அங்கங்கே விட்டுப்போனால் சேர்த்துப் படித்துக்கொள்.

நீ போனில் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "அம்மா, நான் அங்க வரலம்மா. எனக்கு வலிச்சா கத்தணும். உன் வீட்ல என்னால கத்த முடியாது." நான், "ஆஸ்பத்திரிலதானே பெத்துக்கப் போற, வீட்ல எதுக்குக் கத்தணும்?" என்றேன். "வலி வீட்லதானே ஆரம்பிக்கும்? நீ பக்கத்துல நின்னு ஒரு பார்வை பார்ப்ப. அவ்ளோதான், எனக்குத் தொண்டை அடைச்சிக்கும்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வாடகைக்குப் போன பாத்திரங்கள் அப்போதுதான் திரும்பி வந்திருந்தன. கரண்டிக் கட்டைப் பிரித்துப் போட்டு எண்ண ஆரம்பித்தேன். உன் அப்பா, "இன்னா சொல்றா?" என்று கேட்டார். "லைன் கட்டாயிடுச்சி" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் வந்தது, அதுவும் ஊர் என்ன சொல்லும் என்பதற்காக. இந்தப் பக்கத்தில் பாதி வளைகாப்புக்கு அண்டாவும் ஜமுக்காளமும் வாடகைக்கு விடுகிறவள் நான். என் மகளே தாய் வீட்டுக்கு வரவில்லை என்றால் அது எப்படி இருக்கும். முதலில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நம் வீட்டில் ஒரு பேச்சு உண்டு, "வாயில தங்கம்" என்று. நீ தூளியில் கிடந்தபோது அதைச் சொல்லித்தான் தட்டுவோம். நீ அடம் பிடித்தாலும் அதுதான், விழுந்து அடிபட்டாலும் அதுதான். உனக்கு நான்கைந்து வயதிருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கித் தூக்கித் தங்கத்தைத் தேடினாய். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம், "எங்க வீட்ல எல்லார் வாயிலயும் தங்கம் கீது மிஸ்" என்று சொல்லி, அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாங்கள் சிரித்தோம். உனக்கு அது கொஞ்சல் வார்த்தை என்று எண்ணம். தங்கமே, செல்லமே என்பது மாதிரி. அது கொஞ்சல் இல்லை என்று நாங்களும் உனக்குச் சொல்லவில்லை.

ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தோம், கையில் ஒன்றும் இல்லாமல் வந்தோம் என்று நீ கேட்டிருக்கிறாய். அது பாதிக் கதை. அங்கே கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, ஊருக்குக் கிளம்புகிறவர்கள் நகை எதையும் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். துறைமுகத்தில் ஒரு பெரிய தகரக் கொட்டகை. அதற்குள் வரிசையில் நிற்க வைத்துச் சோதித்தார்கள். கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள், புடவை ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள், அரிசி மூட்டைக்குள் கம்பியை விட்டுக் கிளறினார்கள். எனக்கு எட்டு வயது. வரிசையில் சேர்வதற்கு முன்னால் என் அம்மா என்னை மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப்போய், தன் கழுத்தில் இருந்த தாலியையும் அதோடு கோத்திருந்த இரண்டு தங்கக் குண்டையும் கழற்றி என் வாயில் போட்டாள். கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்ளச் சொன்னாள். "வாயத் தொறந்தா அப்பா செத்துடுவாரு" என்றாள். தாலி என்றால் என்ன என்று தெரிந்த வயதுதான் எனக்கு. அப்பா கடைச் சாமானை ஒப்படைக்க அங்கேயே தங்கியிருந்தார். அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு.

சோதனை செய்த பெண்மணி என்னிடம் பேர் என்ன என்று கேட்டாள். நான் பேசவில்லை. "ஊமைப் பொண்ணு" என்று அம்மா பர்மா பாஷையில் சொன்னாள். அந்தப் பெண்மணி பாவப்பட்டு என் தலையைத் தடவி அனுப்பிவிட்டாள். கப்பல் ஏறியதும் எனக்கு வாந்தி வந்தது. வாயைத் திறக்காமல் அதை விழுங்கினேன். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினேன். கரை மறைந்த பிறகு அம்மா, "போதும், துப்பு" என்றாள். வாய் திறக்கவில்லை. அவள்தான் விரலை விட்டு எடுத்தாள். மதராஸ் வந்து முகாமில் இருந்தபோதும் ரொம்ப நாள் நான் பேசவில்லை. அம்மா அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னாள், "கெட்டிக்காரி, வாயே தொறக்கல" என்று. அடுத்த கப்பலில் அப்பா உயிரோடு வந்து இறங்கினார்.

நான் வியாபாரி. வியாபாரியாகவே சொல்கிறேன். ஒரு சரக்கில் நஷ்டம் வந்தால் அதை அதோடு விட்டுவிடுவோம். இதில் நஷ்டம் வரவில்லை. அப்பா வந்தார். தாலி அம்மா கழுத்துக்குத் திரும்பியது. குண்டு இரண்டையும் விற்றுத்தான் முதல் இரண்டு அண்டா வாங்கினோம். முகாமில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதை வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் இன்னும் பாத்திரம் வாங்கி, பிறகு தாம்பரத்துக்கு வந்தோம். ஏரி ஓரமெல்லாம் மனை போட்டு விற்க ஆரம்பித்த காலத்தில், புது வீடு கட்டியவன் எல்லாம் பால் காய்ச்சுவதற்கு நம் கடைக்குத்தான் வந்தான். இந்தக் கடை நான் வாயை மூடியதில் முளைத்தது. பலித்த வைத்தியத்தை யார் விடுவார்கள். அதனால்தான் உனக்கும் அதையே கொடுத்தோம். கெடுதலாக நினைத்துக் கொடுக்கவில்லை. இருந்ததிலேயே உசத்தியான சரக்கு என்று நினைத்துத்தான் கொடுத்தோம்.

நீ பிறந்த கதையும் உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதை. எனக்கு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மற்றவர்களெல்லாம் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஆயாம்மா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வலியே இல்லியே. நாள் கீது, இட்டுகினு போ" என்று என் அம்மாவிடம் சொன்னாள். என் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றித் திரும்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அம்மா எனக்கு சோடா வாங்க இறங்கிப் போனாள். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் நீ பிறந்தாய். ரிக்ஷாக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "இன்னாமா, பூனை எதுனா ஏறிக்கிச்சா?" என்று கேட்டார். அதிலிருந்து உனக்கு 'கேட்டு கலா' என்று பேர். உன் கல்யாணத்தில்கூட உன் அப்பா மைக்கில் இதைச் சொன்னார். சம்பந்தியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நடந்தது இதுதான். எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும், நாள் இல்லை என்று. ஆயாம்மாவின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ரிக்ஷாவில் தலை வெளியே வருவது தெரிந்தது. நிறுத்து என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது, அங்கே ஏதோ இருக்கிற மாதிரி. நான் பயந்துகொண்டிருந்தேன் கலா. இருபது வயதுகூட ஆகவில்லை எனக்கு. உன்னை என் புடவையில் நானே ஏந்தினேன். நீ அழுதாய். பூனை என்று ரிக்ஷாக்காரர் கேட்டது அந்த முதல் அழுகையைத்தான். இரண்டாவது அழுகை அவருக்குக் கேட்கவில்லை. அதற்குள் என் உள்ளங்கை உன் வாய்மேல் இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா சோடாவோடு வந்து, பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு உன்னை வாங்கினாள். நீ கறுப்பாக இருந்தாய் என்று பிறகு சொன்னாள். கொடி சுற்றியிருக்கும் என்றும் சொன்னாள். நான் சரி என்றேன்.

உன் இடது கையை முழுசாக நீட்ட வராதே, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வரும் வயது. பெரிய கல்யாணத்துக்கு வாடகை பேச ஒரு குடும்பமே வந்திருந்தது. நாற்காலிக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி பெண்ணின் மாமா பிடிவாதமாக நின்றார். நீ பின்கட்டில் அண்டா அடுக்கின்மேல் ஏறி விழுந்தாய். சத்தம் கேட்டு நான் வந்து பார்த்தேன். கை எப்படிக் கிடக்கக் கூடாதோ அப்படிக் கிடந்தது. இத்தனை வருஷமாக, "எனக்குத் தெரியவே தெரியாது, அவ சொல்லவே இல்ல" என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். தெரியும். பார்த்தேன். "வாயில தங்கம், இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். நீ ஜமுக்காள மடிப்பின்மேல் வந்து உட்கார்ந்தாய். வந்தவர்களில் ஒரு அம்மாள், "பாப்பாக்கு இன்னா இப்டி வேர்க்குது?" என்றாள். "வெயில்ல விளையாடுவா" என்றேன். நீயும் ஆமாம் என்று தலையாட்டினாய். அவர்கள் முன்பணம் கொடுத்துப் போன பிறகுதான் உன்னைக் கட்டு கட்டுகிறவரிடம் தூக்கிப்போனோம். அவர், "ஏம்மா, இவ்ளோ நேரம் இன்னா பண்ணீங்க?" என்றார். அதற்கும் நீதான் பதில் சொன்னாய், "வலிக்கவே இல்ல அண்ணா" என்று. அன்று உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேறு எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்திருக்க வேண்டும்.

உன் மாமியார் வீட்டைப் பற்றி நான் பேசியதெல்லாம் உனக்குத் தெரியும். அங்கே எல்லோரும் கத்துகிறார்கள். கால் கட்டைவிரல் கதவில் இடித்தால் சம்பந்தியம்மா போடுகிற "ஐயோ அம்மா" செம்பாக்கம் ஏரியில் இருக்கிற கொக்கை எல்லாம் எழுப்பும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி நடத்தி வந்த குரல். மாப்பிள்ளையும் அப்படித்தான். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே அழுகிறார், அதையும் ஒளிக்காமல் அழுகிறார். கல்யாணம் முடிந்து வந்ததும் நான் உன் அப்பாவிடம், "வளர்ப்பு சரியில்லாத ஜனங்க" என்றேன். நீ அந்த வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்தில் உன் குரல் மாறிவிட்டது. கூப்பிட்டால் உள்ளே இருந்தே "என்னாம்மா" என்று சத்தமாகக் கேட்கிறாய். முன்பெல்லாம் வந்து பக்கத்தில் நிற்பாய். நான் திரும்பிப் பார்த்த பிறகுதான் நீ வந்திருப்பது தெரியும். கெட்டுப்போய்விட்டாய் என்று நினைத்தேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. பெரும்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் காதுகுத்துக்குப் பாத்திரம் பேச வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அண்டா ஒடுக்கு இல்லாமல் இருக்கிறதா என்று அவளே பார்க்கவேண்டுமாம். விவரமான பெண். குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, உன் அப்பாவோடு பின்கட்டுக்குப் போனாள். குழந்தை அழ ஆரம்பித்தது. நான் தட்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்தேன். "இன்னாமா பண்றே நீ?" என்று சத்தம் கேட்டது. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தள்ளிக் குழந்தையைப் பிடுங்கினாள். "வாயப் பொத்துறியே, கொயந்த மூஞ்சி பாரு எப்டி ஆயிடுச்சின்னு. உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று கத்தினாள். "நான் இன்னா பண்ணேன்?" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. உள்ளங்கையைப் பார்த்தேன். குழந்தையின் எச்சில் ஈரமாக இருந்தது. அவள் பாத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். குழந்தை தெரு முழுக்க அழுதுகொண்டே போனது. அவள் அதை அழவிட்டுத்தான் கூட்டிப்போனாள்.

உன் அப்பா அண்டாவைத் திரும்ப அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். "கலாக்கும் இப்டித்தான் பண்ணுவ" என்றார். "எப்டி?" என்றேன். "தூக்கத்துலகூட பண்ணுவ. அது சிணுங்குனா உன் கை போயிடும். நான் எடுத்து வுடுவேன். அதனாலதான் நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துக்குவேன்." எனக்கு அது தெரியாது கலா. அவருக்கு உன்மேல் அவ்வளவு ஆசை, அதனால் நடுவில் படுக்கிறார் என்றுதான் இவ்வளவு வருஷமும் நினைத்திருந்தேன். "ஏன்யா சொல்லல?" என்றேன். "நம்ம வூட்ல யாரு இன்னா சொல்லிக்கினோம்?" என்று கேட்டுவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

அதன் பிறகு யோசித்தேன். நீ கோபத்தில் பேசியதாக நினைத்திருந்தேன். இல்லை, நீ சரக்கைப் பார்த்துத்தான் வேண்டாம் என்றிருக்கிறாய். ஒடுக்கு எங்கே இருக்கிறது என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் தெரிகிறது. என் அம்மாமேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அவள் அந்தக் கொட்டகையில் வேறு என்ன செய்திருக்க முடியும். ஆனால் கொட்டகையை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இங்கே யாரும் கம்பியால் மூட்டையைக் குத்தவில்லை. அதை அவளுக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் எழுதும்போது எனக்கு அழுகை வரவேண்டும் என்று தோன்றுகிறது. வரவில்லை. மரத்துப்போன கால்மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். பாத்திரம், நாற்காலி, ஜமுக்காளம் எல்லாம் நம் கடையிலிருந்து வரும். சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடு, வாடகை பேசவேண்டாம். முதல் வளையல் நான் போடுவேன். சாயங்காலம் நானும் உன் அப்பாவும் மட்டும் திரும்பிவிடுவோம். உன்னைக் கூப்பிடமாட்டேன். ஏன் அழைத்துப்போகவில்லை என்று நம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். என்னிடம் கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மாமியார் பிடித்து வைத்துக்கொண்டாள் என்று யாராவது ஆரம்பித்தால், இல்லை, நான்தான் விட்டுவிட்டுப் போகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். நீ நடுவில் வந்து எதையும் சமாளிக்காதே.

வலி வந்தால் கத்து. ஆஸ்பத்திரியில் கூவுகிறவளிடம்தான் முதலில் வருவார்கள். சம்பந்தியம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். உனக்குக் குரல் போனாலும் அவர்கள் குரல் போதும். எனக்கு உடனே சொல்லி அனுப்பவேண்டாம். குழந்தை பிறந்து, நீ எழுந்து உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்ட பிறகு மாப்பிள்ளை கடைக்குப் போன் பண்ணினால் போதும். நான் போன் பக்கத்திலேயேதான் இருப்பேன்.

பிறகு பார்க்க வருவேன். பேரனோ பேத்தியோ, என் கையில் கொடுக்கலாமா என்று நீ யோசிப்பாய். தூங்கும்போது கொடு. பால் குடித்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடு. அழ ஆரம்பித்தால் வாங்கிக்கொள். "அம்மா, கொடு" என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, நான் கொடுக்கத் தாமதமாகலாம். நேரே வந்து பிடுங்கிக்கொள். யார் பார்த்தாலும் பரவாயில்லை. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா